பின்பலகையில் பூசிய பட்டி

"இருபத்தஞ்சு ஹெச்பிதான். அதுக்குக் கீழ பேச்சே இல்ல," என்றார் கணவர், கடையில் மாட்டியிருந்த படகு எஞ்சினைத் தடவிக்கொண்டே.

பக்கத்தில் நின்ற அவள் எஞ்சினின் எடையைக் கண்ணால் அளந்தாள்.

"படகு எத்தனை அடிண்ணே?" என்று கேட்டார் மெக்கானிக்.

"பதினாலு."

"அதுக்குப் பதினஞ்சு ஹெச்பியே தாராளம். எத்தனை பேரு போவீங்க?"

"நானும் பொண்ணும்தான். மச்சான் இருபத்தஞ்சு போட்டிருக்கான். நான் கரை சேர்றதுக்குள்ள அவன் மீனை வித்து, குளிச்சு, தலை சீவிட்டு வந்து நிக்கிறான்."

"அவன் படகு பதினெட்டு அடிங்க," என்றாள்.

"தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டியே நீ."

மெக்கானிக் சிரித்தார். "எஞ்சின் தொங்குறதும் பின்பலகையில, தள்ளுறதும் பின்பலகையைத்தான். அது எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி. போன மாசம் இவதான் பெயின்ட் அடிச்சா. சும்மா மின்னுது."

மின்னாமல் என்ன? அந்தப் பலகையின் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. ஆணியை வைத்ததும் ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. சொன்னால் சாப்பிடாமல் புலம்புவாரே என்று பட்டி வைத்து அடைத்து, மேலே நீலம் பூசிவிட்டாள். பழைய எட்டு ஹெச்பிக்குத் தாங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. இப்போது இருபத்தைந்து. மகள் உட்காருவதோ அந்தப் பலகையை ஒட்டித்தான்.

"அப்ப இதையே கட்டிடுங்க," என்றார் கணவர்.

"ஏங்க, அது கல்லு இல்ல."

"எது?"

"பலகை. உள்ள ஊறிப்போச்சு. நான்தான் பட்டி வச்சு மூடினேன்."

அவர் கை எஞ்சினிலேயே நின்றது. "ஏன் சொல்லல?"

"சொன்னா சாப்பிட மாட்டீங்கன்னு."

"இப்ப மட்டும் இறங்குமா எனக்கு?"

மெக்கானிக் சுத்தியலை எடுத்துக்கொண்டார். "வாங்க, தட்டிப் பார்த்துடலாம்."

படகு கடைக்குப் பின்னால் கரையேறிக் கிடந்தது. மேலே தட்டினால் டொக், டொக். கீழே இறங்க இறங்க, பொத். கணவர் சுத்தியலைப் பிடுங்கித் தாமே தட்டினார். பொத்.

"முதல்ல பலகையை மாத்துங்கண்ணே."

கணவர் மகள் உட்காரும் குறுக்குப் பலகையைப் பார்த்தபடி நின்றார். "நேத்துகூட இங்கதான் உட்கார்ந்து வந்தா," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு மெக்கானிக்கிடம், "அந்தப் பதினஞ்சை எடுத்து வைங்க. பலகையை மாத்திட்டு வர்றேன்" என்றார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் எங்கெங்க பூசி வச்சிருக்க?"

அவள் சுத்தியலை வாங்கிக்கொண்டு படகின் முன்பக்கம் நடந்தாள்.