நூறு வரை எண்ணுகிறவள்

புருஷனிடமிருந்து தகவல் நின்ற பதினோரு நாளில் நாத்தனார் வாயில் அவன் கப்பல் மூன்று முறை மூழ்கிவிட்டது. முதலில் புயலில், பிறகு பாறையில் மோதி. மூன்றாவது முறை எதனால் என்று அவளுக்கே தெரியாது, யாரோ சொன்னார்களாம். நடுவில் கடற்கொள்ளையர்கள் வேறு வந்து போனார்கள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா?

"தனியா அங்க என்ன பண்ணப்போற? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடு. சேர்ந்து அழுதாவது தீர்த்துக்கலாம்," என்றாள் காலையில் போனில்.

"எதுக்கு அண்ணி அழணும்? இன்னும் ஒண்ணும் தெரியலையே."

"உனக்குக் கல்லு மனசுடி." வைத்துவிட்டாள்.

கல் மனசுக்காரி பதினோரு நாளாக நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுக் குளிக்கப் போகிறாள். பிள்ளைகள் இல்லை. வீடு மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது, பக்கத்து வீட்டுக்காரர்களின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. கப்பலில் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் புருஷன் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவன். இப்போது அவன் போன் அணைந்து கிடக்கிறது. கம்பெனி ஆபீசிலோ மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்பார்கள். மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தின் வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவது அவள் வேலை. ஓர் அணுவுக்கு ஒரு தட்டு, நூறு சேர்ந்தால் மெஷினில் மணி அடிக்கும். நடுவில் மனசு எங்காவது போய்விட்டால் அந்த எண்ணிக்கை செல்லாது. தொண்ணூற்றெட்டில் தவறினாலும் மறுபடி ஒன்றுதான். இந்தப் பழக்கம் முற்றிப்போய் மாடிப்படியைக்கூட எண்ணிக்கொண்டு ஏறுவாள். அதனால்தான் புருஷன் அவளைக் 'கணக்குப்பிள்ளை' என்று கூப்பிடுவான். போனை எடுத்ததும் முதல் வார்த்தையே அதுதான்.

அன்று ஒரே ஸ்லைடை ஐந்து முறை தொடங்கினாள். ஐந்தாவது முறை மணி அடித்தபோது, கடைசி முப்பதில் எதைப் பார்த்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை. விரல் தன் பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. யாரோ ஒரு நோயாளியின் ரத்தம் அது. பயந்துபோனாள். பக்கத்து மேஜைக்காரியிடம் ஸ்லைடைக் கொடுத்து, "இன்னிக்கு என்னால முடியல, நீ பார்த்துடு," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை.

ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெற்று ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்தாள். லேபில் பார்த்ததைத்தான் எழுதலாம், நினைத்ததை எழுதக்கூடாது. அப்படியே எழுதினாள். போன் அணைந்திருக்கிறது. ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. கப்பல் மூழ்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நான்காவதாக, 'உயிரோடு இருந்தால் என்னைக் கூப்பிடாமல் இருக்கமாட்டான்' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். இது பார்த்ததா, நினைத்ததா? பத்தொன்பது வருஷமாகப் பார்த்ததுதான்.

அப்படியென்றால் ஒன்று, அவன் இல்லை. அல்லது, கூப்பிடுகிறான், அது தன்னிடம் வந்து சேரவில்லை. முதலாவதை அவளால் சோதிக்க முடியாது, இரண்டாவதை முடியும். கையில் போன் இல்லாதவனுக்கு எந்த நம்பர் மனப்பாடமாகத் தெரியும்? அவளுடைய செல் நம்பர் தெரியாது. "பேரத் தட்டினா நீ வந்துடுற, நம்பர் எதுக்கு?" என்று சிரிப்பான். பதினேழு வருஷம் குடியிருந்த பழைய வீட்டு லேண்ட்லைன் ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். வீட்டு ஓனருடைய போன் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், அதை அவனிடம் சொல்லவும் இல்லை.

"அடிப்பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினாள். எடுத்தார்கள். கடகடவென்று ஏதோ சத்தம். அவள் வாயைத் திறப்பதற்குள், "ராங் நம்பர்," என்று ஒரு பெண்குரல் கத்திவிட்டு வைத்துவிட்டது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் அதேதான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பழைய வீட்டுக் கூடத்தில் இப்போது தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் யாருடைய ரவிக்கையோ தொங்கியது. டெய்லரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்றாள்.

"துணி தைக்க வரலைங்க. இந்த போனுக்கு, யாராவது தெரியாதவங்க கூப்பிட்டாங்களா?"

"அத ஏன் கேக்குறீங்க! தினம் நாலு மணிக்கு ஒருத்தன். எடுத்த உடனே 'என்ன கணக்குப்பிள்ளை'ங்கறான். நான் பேசினா அந்தப் பக்கம் பதிலே இல்ல. இங்க கணக்குப்பிள்ளையும் இல்ல, கத்திரிப்பிள்ளையும் இல்லன்னு வெச்சிடுவேன்."

அவள் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"ஒரு வாரம் இருக்கும்."

"நேத்து?"

டெய்லரம்மா யோசித்தாள். "நேத்து வேல மும்முரம். மணி அடிச்சுது, எடுக்கல." எதிரில் இருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஐயோ, யாரும்மா அது? உங்க வீட்டுக்காரரா?"

தலையாட்டினாள். டெய்லரம்மா மெஷினை நிறுத்தி, போனைத் தூக்கி வந்து அவள் மடியருகே வைத்தாள்.

நாலு மணி ஆயிற்று. நாலேகால். நேற்று யாரும் எடுக்காததால் அவனும் கைவிட்டிருப்பானோ? அது நினைத்தது, பார்த்தது இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னாளே ஒழிய, மனசு கேட்கவில்லை.

நாலு இருபத்திரண்டுக்கு மணி அடித்தது.

எடுத்து, "ஹலோ," என்றாள். பதில் வரத் தாமதமானது. பிறகு எங்கோ தொலைவிலிருந்து, தொண்டை கட்டிப்போன அந்தக் குரல், மனப்பாடம் பண்ணி வைத்ததைப்போல ஒரே மூச்சில் வந்தது:

"அம்மா, தயவுசெஞ்சு வெச்சிடாதீங்கம்மா. இது என் வீட்டு நம்பருங்க. எனக்கு வேற நம்பர் தெரியாதுங்க."

"வைக்கமாட்டேன்," என்றாள். "கணக்குப்பிள்ளைதான் பேசுறேன்."

அவள் குரல் அங்கே போய்ச் சேர நேரமாகும், டெய்லரம்மா அதற்குள் வைத்துவிட்டிருக்கிறாள் என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. எண்ணிக்கை தவறிப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க அவளுக்குத் தோன்றவில்லை.