கேடயத்தின் வலப்பக்கம்

ஆம்புலன்ஸ் பாராமெடிக்குகளின் சங்கத்துக்கான கேடயச் சின்னம் லண்டனிலிருந்து வந்த அன்றே கமிட்டியில் இருந்த டாம்சின் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். பச்சை அவர்கள் சீருடையின் நிறம்; சரி. குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு இதயத்துடிப்பைப் போல ஏறி இறங்கியது, அதுவும் சரி. ஆனால் பாம்பு சுற்றிய கோலை வலப்பக்கம் கேட்டிருந்தார்கள், மரியாதை அந்தப் பக்கத்துக்குத்தான் என்று. வந்த படத்தில் அது இடப்பக்கம் இருந்தது. வலது இடது தெரியாதவர்களா இதை வரைகிறார்கள் என்று கேட்டு, கமிட்டியில் எல்லாருக்கும் நகல் வைத்து வரைந்தவருக்குக் கடிதம் போட்டாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் வரைந்தவரே போனில் வந்தார். தலைவி நோர்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஒரு ஆள் கேடயத்துக்குப் பின்னாடி அதைப் பிடிச்சிட்டு நிக்கிறதா நினைச்சுக்கங்க. அவரோட வலதுதான் வலது. எதிர்ல நிக்கிற உங்களுக்கு அது இடது. நீங்களும் நோயாளியோட பக்கத்தைத்தானே சொல்வீங்க?"

"இருபது வருஷ சர்வீஸ், டாம்," என்று யாரோ சிரித்தார்கள்.

ஒன்பது வருஷமாக அவளோடு ஒரே வண்டியில் போகும் டெஸ்மண்ட் மட்டும் சிரிக்கவில்லை. டீக்கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

டாம்சினுக்குக் காது சுட்டது. போன பிப்ரவரியில் கூரையிலிருந்து விழுந்தவனுக்குச் சுருங்கியிருந்தது வலது நுரையீரல். அவன் எதிரே மண்டியிட்டுப் பார்த்தவள் அவள். இடது என்று சொன்னவளும் அவள். டெஸ்மண்ட் அதை அப்படியே நோயாளிக் குறிப்பில் எழுதினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் செருகும் முன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்ததால் ஆள் பிழைத்தான். விசாரணையில் அவள், "எழுதினது டெஸ்" என்றாள். கையெழுத்து அவனுடையதுதானே. ஆறு மாதம் அவனை இன்னொருவர் கண்காணிப்பில் வைத்தார்கள். தான்தான் மாற்றி எழுதிவிட்டதாக அவனும் நம்பினான். அன்று முதல் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்காமல் அவன் வலது, இடது சொல்வதில்லை.

"மன்னிப்புக் கடிதம் டாம்சின் எழுதுவா. குறிப்புல போட்டுக்கங்க," என்றாள் நோர்மா.

"இன்னொண்ணும் போட்டுக்கங்க," என்றாள் டாம்சின். கூரைக்காரன் விஷயத்தைச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தாள்.

டெஸ்மண்ட் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"ஒரு வருஷமா என் கையையே நான் நம்பல, டாம்."

கதவருகே நின்றான்.

"நாளைக்கு ஏழு மணி ஷிப்ட். வண்டியை நீ ஓட்டு. பின்னாடி ஆளை நான் பாத்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். மேஜைமேல் கேடயம் கிடந்தது. கோல் அதன் சரியான பக்கத்தில் இருந்தது.