மாப்பிள்ளை செருகிய சார்ஜர்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர் போர்டுக்காக லிஃப்ட் மெக்கானிக் ஏறி இறங்காத கடையில்லை. எங்கே கேட்டாலும் "ஸ்டாக் இல்ல சார்". கடைசியில் ஒருவர் மனமிரங்கி, போர்டு, கேமரா, சின்னத் திரை எல்லாம் சேர்ந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"இதுதான் கடைசி பீஸ். அடுத்தது எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

பொழுதுபோகாமல் இந்த மாதிரி எதையாவது நோண்டுவது அவன் வழக்கம். இந்த முறை அம்மாவுக்காக. அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. உள்தாழ்ப்பாள் போடாமல் இருக்கவும் மாட்டாள். எந்தக் கட்டடத்தில் எப்போது லிஃப்ட் மக்கர் செய்யும், மகன் எப்போது வீடு திரும்புவான், யாருக்குத் தெரியும்? வந்தவன் வெளியே நின்றுவிடுவானே என்று கதவோரம் நாற்காலி போட்டு, கதவில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். தட்டினால் கைக்குத் தெரியுமாம். இடுப்புவலி உயிரை வாங்கினாலும் படுக்க மாட்டாள். இனி பெல் அடித்தால் எல்லா அறையிலும் விளக்கு மின்னும். வந்தவர் முகம் கட்டிலருகே திரையில் தெரியும். அம்மா கொஞ்சம் காலை நீட்டலாம்.

அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள், அக்காவோடு வந்திருந்த மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், பெட்டியைப் பிரித்துவிட்டார். அவருக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது சும்மா இருப்பதுதான்.

"சார்ஜர் இதோ சும்மா கிடக்கு மச்சான். ஓட்டை கரெக்டா பொருந்துது பாரு!"

பழைய லேப்டாப் சார்ஜர். போர்டு தாங்குவது ஐந்து வோல்ட், அது தருவதோ பத்தொன்பது. "அத்தான்!" என்று அவன் பாய்வதற்குள் டப்பென்று சத்தம் கேட்டது. கருகல் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

"டூப்ளிகேட்! கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். போனைப் போடு, நான் கேக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. முன்பு ஒருதரம் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னதற்கே முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர். அக்கா மறுபடி இந்த வாசலை மிதிக்க அரை வருஷமாயிற்று. அம்மா அழுத அழுகை கொஞ்சமில்லை.

போனில் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "வேற சார்ஜர் எதாவது போட்டீங்களா?"

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"ஆமா. நான்தான் போட்டேன்."

"என்ன சார்! லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னீங்க, வோல்டேஜ் பாக்க மாட்டீங்களா? இனி உங்களுக்குத் தர எங்கிட்ட பீஸும் இல்ல."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "கடைக்காரன் தப்பை நீ எதுக்கு மச்சான் தலையில போட்டுக்கற? இவ்வளவு வெகுளியா இருந்தா எப்படிப் பொழைப்ப?"

"லைட்டு எப்ப எரியும்?" என்று அம்மா உரக்கக் கேட்டாள். அப்புறம் என்று கையைக் காட்டினான்.

மறுநாள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினான். தட்டிய கையை எடுக்கும் முன்பே கதவு திறந்தது. அம்மா முகமெல்லாம் சிரிப்பு. கதவோர நாற்காலியில் கொழுகொழுவென்று புது மெத்தை ஒன்று இருந்தது.

"மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தாருடா. எவ்வளவு சொகுசா இருக்கு தெரியுமா? இனிமே எத்தனை நேரம் வேணும்னாலும் இங்கயே உக்காந்திருப்பேன். நீ அவசரப்படாம மெதுவா வா."