மூன்றாவது தடவை

டெஸா ஹாகனின் மகனைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஊரைவிட்டே போகிறாள். வேறு வழி கிடைக்காவிட்டால் டெஸா வேலையை விட வேண்டியதுதான். மின்னசோட்டாவின் அந்த ஏரிக்கரை ஊரில் குழந்தைக் காப்பகம் ஒன்றே ஒன்று, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. ஆனால் கட்டணம் அவள் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும்.

டெஸா வேலை பார்த்த, படகுகளுக்கு மேலுறை தைக்கும் பட்டறையின் முதலாளி வெர்லின் ஆசெனுக்கு விஷயம் எட்டியது. ஊழியரின் பிள்ளைக்கு ஆகும் காப்பகச் செலவைச் சிறு முதலாளி ஏற்றுக்கொண்டால், அதில் நல்ல பங்கை அரசாங்கம் அவர் கட்டும் வரியில் கழித்துவிடும் என்று அவருடைய கணக்கர் சொல்லியிருந்தார். டெஸாவின் தையல் மேசைக்கே வந்து இதையெல்லாம் விளக்கி, அந்த இடத்தை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

டெஸாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய் மட்டும், "ஐயோ வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது.

அந்த ஊர் வளர்ப்பு அப்படி. காபி கொடுத்தால்கூட இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை அரைக் கோப்பை போதும் என்று வாங்குவதுதான் மரியாதை. முதல் தடவையே கை நீட்டினால் அல்பம் என்பார்கள். மறுநாள் வெர்லின் மறுபடி கேட்டார். தன்னைவிடத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாள். பெரிய வள்ளல்! மூன்றாவது தடவைக்கான பதிலையும் மனதுக்குள் தயாராக வைத்திருந்தாள்.

மூன்றாவது தடவை வரவில்லை. வெர்லின் துணி வெட்டும் பிரைஸிடம் போய்விட்டார். அவனுக்கும் கைக்குழந்தை. பிரைஸ் டெக்சாஸ்காரன். அவர் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துக்கொள்கிறேன் என்றுவிட்டான்.

டெஸாவுக்கு ஆத்திரம் வந்தது, பிரைஸ்மேல் அல்ல, தன் வாயின்மேல். மாலையில் வெர்லின் தன் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போய், வேலையை விடுவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்.

"அந்த எடம் எனக்கு வேணுங்க. ரொம்ப வேணும். நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு இருந்துட்டேன்."

வெர்லினும் அதே ஊரில் பிறந்தவர்தான். அவர் முகம் சிவந்துவிட்டது. வரி, அரசாங்கம் என்று வந்துவிட்டதால் வற்புறுத்துவது தப்போ என்று நினைத்ததாக முணுமுணுத்தார். சுரண்டி முடித்த கண்ணாடியையே மறுபடி சுரண்டினார்.

"எங்க அக்கா லோர்னா வேலைக்குப் போகாம வீட்லதான் இருக்கா. அவகிட்ட காப்பகம் நடத்தற லைசென்ஸ் கெடையாது, அதனால வரியில ஒரு சென்ட் கூட திரும்பி வராது. அது கெடக்கட்டும், அந்தச் செலவ நான் பாத்துக்கறேன். காப்பகத்துல அடுத்த எடம் காலியாகற வரைக்கும் பையன அவகிட்ட விடறியாம்மா?"

வேண்டாம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டெஸா அதை விழுங்கினாள்.

"விடறேன்."

இரண்டாவது தடவை கேட்பதற்காக வாயைத் திறந்திருந்த வெர்லின், அதை மூடிக்கொண்டு, அதே கண்ணாடியை மூன்றாவது தடவையாகச் சுரண்டினார்.