பின் இடது சக்கரத்துக்குக் காற்று

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் தொடங்கியது. என் ஸ்கூட்டரின் பஞ்சர்தான், பெரிய விஷயமில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வழியில் இருதயராஜ் என்பவருடைய டயர் கடையில் உட்கார்ந்து, மழைக்கு ஒதுங்கினேனா பஞ்சருக்கு ஒதுங்கினேனா என்று தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னல்களில் பூப்போட்ட திரை. கூரையில் தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டில் காஸ் சிலிண்டருக்கு ஒரு கூண்டு. சக்கரம் வைத்த வீடு என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டி வந்தவர் இறங்கி, காற்று பார்க்கும் மீட்டரோடு பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். கூட வந்த அம்மாள் பின்னாலேயே இறங்கி வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"காத்த எறக்காதீங்க."

அவர் எழுந்து வண்டியில் ஏறினார். வேன் போய்விட்டது. என் ஸ்கூட்டரும் தயாராகிவிட்டது. நான் வீட்டுக்குப் போய்ச் சும்மா கிடந்திருக்கலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வெங்கடாசலம் தன் வாழ்க்கையின் பாரத்தையெல்லாம் அந்த நான்கு சக்கரங்களின் மேல்—"

வேண்டாம். பாரம், சுமை என்று ஆரம்பித்தால் டயர் காணாமல் போய்த் தத்துவம்தான் மிஞ்சும். எனக்கு டயர் வேண்டும்.

அடுத்தது வேடிக்கையான தொடக்கம். டயருக்குக் காற்று அடிப்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அரைப்பக்கம் ஜோராகவே போனது. ஆனால் அந்த அம்மாளின் குரலில் சண்டை இல்லையே. உள்ளே யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடாதீர்கள் என்று சொல்வதுபோல அல்லவா இருந்தது?

அப்படித்தான் வேனுக்குள் ஒரு கட்டில் வந்தது. கட்டில் வந்தால் அதில் ஒருவரைப் படுக்க வைக்க வேண்டும். மாமியாரைப் படுக்க வைத்தேன். (கதைகளில் ஏற்கெனவே ஏகப்பட்ட மாமியார்கள் படுத்துக் கிடக்கிறார்கள். இவரையாவது நடமாட விடுவோம் என்று அனுப்பிவிட்டேன்.) அதற்குப் பிறகு வந்தவன் கோகுலகிருஷ்ணன். வரச் சொல்லாமலே வந்துவிட்டான்.

3

வெங்கடாசலம் விழுப்புரத்தில் வேன் ஓட்டுகிறவர். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குச் சவாரி. மனைவி பிரபாவதி. ஒரே பிள்ளை கோகுல், பத்தொன்பது வயது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அவனுக்கு. பள்ளிக்கூடம் போகிற வயதில் நடை நின்றது. இப்போது விரல்களும் வாயும் மட்டும்தான் சொன்னதைக் கேட்கும். வாய் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும்.

கன்னியாகுமரி போக வேண்டும் என்றான். உட்கார்ந்து போக உடம்பு இடம் கொடுக்காது, படுத்துத்தான் போக முடியும். அதனால் அப்பா வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார். மூச்சு விட உதவும் மெஷின், அதற்குப் பேட்டரிகள், மோட்டார் வைத்த சக்கர நாற்காலி, அடுப்பு, அலமாரி, தண்ணீர். எல்லாம் சேர்ந்து வீடாகிவிட்டது. தன் வீடு எத்தனை கிலோ என்று யாருக்காவது தெரியுமா? தரையில் நிற்கும்வரை தெரிய வேண்டியதில்லை. உருளப்போகிறது என்றால் தெரிந்தாக வேண்டும். சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறதோ, அதற்குத் தக்க காற்றுதான் டயருக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கும். கூடினால் ரோட்டைப் பிடிக்காது.

நெல் லாரிகள் எடை போடும் மேடைக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "ஆளுங்கள்லாம் எறங்கிக்கோங்க."

"அவன் எறங்க மாட்டான்" என்றாள் பிரபாவதி. "அவனயும் சேத்துதான் எட போடணும்."

முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள், பிறகு பின்சக்கரங்களை, பிறகு இடது பக்கத்தை, வலது பக்கத்தை. பின்னால் இடது பக்கம்தான் எல்லாவற்றிலும் கனம். கட்டில் அங்கேதான் இருந்தது. டயர் கம்பெனியின் அட்டவணையைச் செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிக் கோகுல் பார்த்தான்.

"இத்தினி வருசமா குத்துமதிப்பா அடிச்சிக்கினு ஓட்டனியாப்பா நீ? பின்னாடி அறுபத்தஞ்சு வெய்யி."*

"அவ்ளோ வேணுமாடா?"

"உன் வண்டியிலயே பெரிய லோடு நாந்தாம்பா."

பிரபாவதி அவன் தலையில் தட்டினாள். மேடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

* கனமான பக்கத்துக்கு எவ்வளவு காற்றோ, எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்கும் அவ்வளவே வைக்க வேண்டும். ஆகவே வலது பக்கமும் அவன் கணக்குதான்.

4

இவனை நான் கொல்லப்போகிறேன் என்று உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

உயிரோடு வைத்துப் பார்த்தேன். கன்னியாகுமரிக்கே கூட்டிப்போனேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இருக்கும்போது அவன் அம்மா எதற்காகக் காற்றை இறக்காதீங்க என்று சொல்லப்போகிறாள்? டயர் கடையில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காமலேதான் எழுதினேன்.

ஆடி மாதத்தில் சளி கட்டியது. [இங்கே ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. எடுத்துவிட்டேன்.] பயணம் கிளம்புவதற்கு முன்பே கோகுல் போய்விட்டான்.

5

சக்கர நாற்காலியைத் திருவாமாத்தூரில் இன்னொரு பையனுக்குக் கொடுத்தார்கள். மெஷினும் பேட்டரிகளும் வாங்கிய இடத்துக்கே திரும்பின. ஐப்பசியில் ஒருநாள் வெங்கடாசலம், "அவன் சொன்ன எடத்துக்கு நாமளாவது போய்ட்டு வந்துடலாம் பிரபா" என்றார். அவளும் தலையாட்டினாள். திண்டிவனத்தில் இருக்கும் அவள் தங்கை வெண்ணிலாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மழையில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. வெங்கடாசலம் பிரேக்கை மிதித்தார். வேன் நிற்காமல் வாலை இழுத்துக்கொண்டு சறுக்கி, லாரியின் பின்பக்கத்தை உரசாமல் உரசி நின்றது. அதற்குப் பிறகுதான் இந்த டயர் கடை.

"பின்னாடி லோடே இல்ல பிரபா. காத்து ஓவரா இருக்குது, ரோட்ட புடிக்க மாட்டேங்குது."

"காத்த எறக்காதீங்க."

"மழ பெஞ்சிக்கினு இருக்குது. இப்பிடியே போனா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

"அறுபத்தஞ்சு அவன் வெச்சது."

அவளுக்கு அவன் எடையை எந்த மேடையும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் தூக்கியவள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு. அவன் வளர வளர அவள் இடுப்பு தேய்ந்தது. மாத்திரை, தைலம், பெல்ட், எதுவும் கேட்காத வலி. அவன் போன சில வாரங்களில் அந்த வலி குறைந்துவிட்டது. ஒருநாள் காலையில் கோலம் போட்டுவிட்டு வலியில்லாமல் நிமிர்ந்தவள், அப்படியே வாசலில் நின்று அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூசியது. பிள்ளையின் எடையைத் தன் உடம்பே இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டதை அவளால் மன்னிக்க முடியவில்லை. டயர்களாவது அவனை வைத்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தாள்.

6

முடிவுகள்.

அ) கட்டிலில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டைகளை அடுக்குகிறார்கள், கோகுலுக்கும் நாற்காலிக்கும் மெஷினுக்கும் சரியாக. அறுபத்தைந்து அப்படியே இருக்கிறது, வேனும் ஒழுங்காகப் போகிறது. திண்டுக்கல் தாண்டியதும் குளிர்கிறதென்று பிரபாவதி எழுந்துபோய் மூட்டைகளுக்குப் போர்வையை இழுத்து— எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன். இதை உங்களுக்குத் தரமாட்டேன்.

ஆ) அவளே குந்தி, வால்வை அழுத்தி, காற்றை விடுகிறாள். கண்ணீரும் வருகிறது, மழையும் விடுகிறது. அழகான முடிவு. டயரில் காற்றை இறக்கினால் துக்கம் இறங்கிவிடும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

இ) அவர்கள் போகவே இல்லை. (இதுதான் நடந்திருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள்.)

7

இன்னும் ஒன்றே ஒன்று எழுதிப் பார்த்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை.

நிஜத்தில் இருதயராஜ் அன்று என் ஸ்கூட்டரில் வேலையாக இருந்தார். கதையில் அவரை வேன் பக்கம் அனுப்பினேன். அவருக்கு இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வருகிறார்.

"இன்னாண்ணே, அடிக்கணுமா எறக்கணுமா?"

வெங்கடாசலம் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்க்கிறார். இருதயராஜ் திரையை விலக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். விரித்த கட்டில், தலையணை. லோடு தெரியாமல் அவர் எப்படிக் காற்று வைப்பார்? தொழில்காரர் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்.

"கட்டில்ல யாராச்சும் படுத்துக்கினு வருவாங்களாக்கா? அத்த சொல்லுங்க, அதுக்குத் தக்க வெச்சிடலாம்."

வெங்கடாசலம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரபாவதி வாயைத் திறக்கிறாள்.

ஆமாம் என்றால் இந்த மழையில் கன்னியாகுமரிவரை அதே சறுக்கும் டயரில் போக வேண்டும். இல்லை என்ற வார்த்தையை, காரியம் முடிந்த நாளிலிருந்து இன்றுவரை, அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பதிலாக அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். இருதயராஜிடம் வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.