நான்காவது பதாகை

சூசைதாசன் ஏணியில் நின்று நான்காவது பதாகையின் கயிற்றை விளக்குக் கம்பத்தில் இறுக்கினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ், பதாகை விரிந்ததும் கையை விட்டுவிட்டாள்.

"கொன்ஸி, பிடியும். தங்கச்சியோட சேர்த்து என்னையும் அனுப்புற யோசனையோ?"

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

"நேராத் தொங்குதோ?"

"சோக்காத் தொங்குது."

உள்ளே கூடத்தில் சூசைதாசனின் தங்கை றெஜினா வெள்ளைச் சேலையில் படுத்திருந்தாள். வெளியே அவளுக்கு ஏற்கனவே மூன்று அஞ்சலிப் பதாகைகள்: கோயில் சபையினுடையது, ஒழுங்கைக்காரருடையது, திரீவீல்காரருடையது. நான்காவது, துறைமுகத்தில் வேலை செய்யும் சீன இஞ்சினியர்கள் கொடுத்தது. பதினெட்டுப் பேர். ஏழு வருடம் அவர்களுக்கு மதியச் சாப்பாடு றெஜினாவின் குசினியிலிருந்துதான். அவளுடைய நண்டுக் கறியின் மணத்துக்கு நங்கூரம் போட்ட கப்பல்கள் மூக்கைத் திருப்பின என்பது கொட்டாஞ்சேனையில் யாரும் மறுத்துப் பேசாத செய்தி.

பதாகையின் மேல்பாதியில் றெஜினா சிரித்தாள். கீழ்ப்பாதியில் அவர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு வரி. முதல் வரியில் ஐந்து வெறும் சதுரங்கள், அடுத்ததில் ஒன்பது. பதினான்கும் ஒரே அளவு, குளியலறைக்கு ஓடு பதித்த மாதிரி.

பக்கத்து வீட்டு நமசிவாயம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "சீன எழுத்தெண்டால் சும்மாவே? அடிமட்டம் வச்சுக் கோடடிச்சு எழுதியிருக்கிறாங்கள். எங்கட எழுத்து இப்பிடி நேரா நிக்குமோ?"

ஓர் அச்சகத்தில் இருபத்தொன்பது வருடம் கணினியில் பக்கம் கோத்தவள் கொன்ஸ்ரன்ஸ். எழுத்துரு இல்லாத கணினி, காட்ட முடியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வெறும் சதுரம் போட்டுக் கைகழுவும் என்பது அந்த ஒழுங்கையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று மணிக்குப் பதினெட்டு இஞ்சினியர்களும் வரப்போகிறார்கள். வந்து, தொப்பியைக் கழற்றி, பதினான்கு ஓட்டைகளுக்கு முன்னால் நிற்கப்போகிறார்கள்.

அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி ஓடிவந்து பிளேன்ரீ கொடுத்தாள்.

அவள் அடக்கிக்கொண்டிருந்தது சிரிப்பை. ஏனென்றால் அந்த நண்டுக் கறி கொன்ஸ்ரன்ஸினுடையது. மிளகை எவ்வளவு கறுக்க வறுப்பது, முருங்கையிலையை எந்த நிமிடத்தில் போடுவது என்று தன் சொந்தச் சட்டியில் றெஜினாவுக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். பதிலுக்கு ஏழு வருடமாக, "மச்சாள், என்ர கறி எப்பிடி?" என்ற கேள்வியை ஞாயிறுதோறும் விழுங்கினாள். அந்தப் பொறாமையைத் தூக்கியிருந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கி முறிந்திருக்கும்.

றெஜினாவின் மகள் டில்ஷானி வெளியே வந்தாள். மூன்று நாளாக நித்திரையில்லாத முகம். பதாகையின் கீழ்வரிசை அவள் கைக்கு எட்டியது.

"மாமி, சீனத்தில ஒரு எழுத்தே ஒரு முழுச் சொல்லாமே?"

"அப்பிடித்தான் சொல்லுறவை."

"இதில எது 'அம்மா'?"

ஒவ்வொரு சதுரமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பிறகு எம்பி, முதல் வரியின் மூன்றாவது சதுரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதாத்தான் இருக்கும். மற்றதுகளைவிட இது கொஞ்சம் வடிவா இருக்கு."

கொன்ஸ்ரன்ஸ் பிளேன்ரீயைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இதைக் கழட்டுங்கோ."

"இப்பதானே சோக்காத் தொங்குது எண்டனீர்?" என்றார் சூசைதாசன்.

"இப்ப கோணல்."

கொன்ஸ்ரன்ஸ் திரீவீல் பிடித்து, பதாகை அடித்த அச்சுக்கடைக்குப் போனபோது மணி ஒன்றரை. கடைக்காரர் ஸப்வான் திரையைக் காட்டினார். "மெயில்ல வந்திச்சி மேடம், அப்பிடியே எடுத்துப் போட்ட. சீன எழுத்து பொட்டி பொட்டியாத்தானே ஈக்கும்?"

"எழும்புங்கோ தம்பி."

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சீன எழுத்துருவை இறக்கினாள். இரண்டு வரியையும் தெரிவுசெய்து மாற்றினாள். சதுரங்களுக்குள் யாரோ ஓடிவந்து குடியேறியதுபோல் கோடுகள் நிறைந்தன. பதின்மூன்று எழுத்துகள் வந்தன. முதல் வரியின் மூன்றாவது சதுரம் மட்டும் வெறுமையாகவே நின்றது.

இன்னொரு எழுத்துருவை இறக்கினாள். அந்தச் சதுரமும் நிறைந்தது.

கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தாள். மொழிபெயர்ப்பு தமிழில் வந்தது: 'நண்டு அக்காவுக்கு. நீங்கள் இல்லாத மதியம் மிக நீளமானது.'

நண்டு அக்கா. இரண்டு தரம் வாசித்தாள். 'அம்மா' அதில் எங்கேயும் இல்லை. கைபேசியைக் கிட்டக் கொண்டுபோய், பிந்தி வந்த மூன்றாவது எழுத்தை மட்டும் பிடித்துப் பார்த்தாள்.

'நண்டு.'

"எதாச்சும் மாத்தணுமா, மேடம்?"

அவளுடைய விரல் விசைப்பலகைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.

"வேண்டாம். அப்பிடியே அடியுங்கோ."

மூன்று மணிக்கு இஞ்சினியர்கள் வந்தார்கள். வயதில் மூத்தவர் புதுப் பதாகையின் முன் நின்று சத்தமாக வாசித்தார். பிறகு எல்லோரும் மூன்று முறை குனிந்தார்கள். ஒருவர் மட்டும் உடனே நிமிரவில்லை. ஏணியை மடக்கிக்கொண்டிருந்த சூசைதாசன் அதை அப்படியே சுவரில் சாத்திவிட்டு நின்றார்.

டில்ஷானி கொன்ஸ்ரன்ஸின் முழங்கையைப் பிடித்தாள். "எழுத்தை மாத்திப்போட்டினம் போல, மாமி."

"அது முந்தி மங்கலா விழுந்திட்டுது. வடிவா அடிப்பிச்சனான்."

"மூன்றாவது?" டில்ஷானி கையை நீட்டினாள். "அதுதானே அம்மா?"

கொன்ஸ்ரன்ஸ் அந்த எழுத்தைப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை. அதுதான்."

சவ ஊர்வலம் கோயிலை நோக்கித் திரும்பும்போது டில்ஷானி மெதுவாகக் கேட்டாள். "முப்பத்தோராம் நாளுக்கு அவையளையும் கூப்பிட வேணும். அம்மாட நண்டுக் கறி உங்களுக்கு வைக்கத் தெரியுமோ, மாமி?"

"கொஞ்சம் தெரியும்."

முப்பத்தோராம் நாள் காலையில் கொன்ஸ்ரன்ஸ் கழற்றி வைத்திருந்த பழைய பதாகையை எடுத்தாள். றெஜினாவின் முகம் உள்ள பாதியை உட்பக்கமாக மடித்து, மற்றப் பாதியைக் குசினித் தரையில் விரித்தாள். பன்னிரண்டு கிலோ நண்டையும் அதன்மேல் போட்டு, கால்களை ஒடித்தாள், ஓட்டைப் பிளந்தாள். மத்தியானத்துக்குள் சதுரங்கள் எல்லாம் நண்டுத் தண்ணியில் நனைந்துவிட்டன. முதல் வரியில் மூன்றாவது மட்டும் காய்ந்திருந்தது.