இறங்கும் தண்ணீர்

காலை ஏழு மணிக்கு மதகுத் தொட்டியின் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது.

யான்டீன் படகை உள்ளே விட்டாள். இருபுறமும் கான்கிரீட் சுவர். தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருந்தது. பின்னால் கதவு மூடிக்கொண்டது. இனி அடியில் மதகைத் திறந்து தண்ணீரை வடிப்பார்கள். படகு ஐந்து மாடி உயரம் கீழே போகும். அதன் பிறகுதான் முன்கதவு திறக்கும்.

நெதர்லாந்திலிருந்து இதுவரை வந்த தொட்டிகளில் எல்லாம் ஏற்றம்தான். ரைன் நதி, மைன் நதி, பிறகு இந்தக் கால்வாய். நேற்று மாலை கால்வாயின் உச்சியைக் கடந்தார்கள். இங்கிருந்து டான்யூப் வரைக்கும் இறக்கம். அதைக் கொண்டாட யான்டீன் ஜெனீவர் சாராயப் புட்டியைத் திறந்தாள். அவள் கணவன் ரூலோஃப் இடது கையால் கோப்பையை வாங்கிக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

வசந்தத்திலிருந்தே அவன் வலது கை சரியில்லை. முதலில் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மற்ற விரல்கள். மூட நினைத்தால் தாமதமாக மூடின. திறக்க நினைத்தால் அதைவிடத் தாமதம். அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய அக்காள் கணவருக்கும் இப்படித்தான் தொடங்கியது, பிறகு அவர் படுக்கையைவிட்டு எழவே இல்லை. சொன்னால் அந்த நிமிடமே படகைத் திருப்பிவிடுவாள். திட்டக்கூட மாட்டாள்.

யான்டீன் சரக்குக் கப்பலில் பிறந்தவள். ஆற்றுவழியாகவே கருங்கடல்வரை போக வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவன் வருடா வருடம் அடுத்த வருடம் என்றான். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகுதான் கிளம்ப முடிந்தது. இப்போது திரும்பினால் இன்னொரு முறை கிளம்பப்போவதில்லை. அது இருவருக்குமே தெரியும்.

படகின் பெயர் மேர்கூட், அதாவது நாமக்கோழி. சுக்கான் அவளிடம், கயிறு அவனிடம். தண்டவாளம் இல்லாமல் உனக்கு எங்கே ஓட்ட வரும் என்று கேட்பாள்.

"என்ன ட்ராம் டிரைவரே, தயாரா?"

"தயார் கேப்டன். எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சு."

சுவரில் குழிகள் இருந்தன. ஒன்றுக்குக் கீழ் ஒன்று. ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு முளை. கயிறு படகின் நடுவில், கயிறு கட்டுவதற்கென்று இருக்கும் இரும்புக் கொம்பிலிருந்து கிளம்பி, முளையைச் சுற்றி, அவன் கைக்குத் திரும்பி வரும். படகு இறங்க இறங்க அவன் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். முளை கைக்கு எட்டாமல் போவதற்குள் கழற்றி அடுத்த முளையில் மாட்ட வேண்டும். இறங்கும்போது கயிற்றைக் கட்டிவைக்கக் கூடாது. படகில் கால் வைக்கிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது அது.

மதகுக்காரர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

முதல் முளை சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் கயிற்றை இடது கையால் வீசினான். வளையம் ஒழுங்காக விழுந்தது. மூன்றாவதில் வலது கை மூடவில்லை. ஈரக் கயிறு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. படகு சுவரைவிட்டு விலகியது.

விலகுது, இழு என்று யான்டீன் சுக்கானிலிருந்து சொன்னாள். அவன் கயிற்றை முழங்கையில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தான். படகு சுவரோடு ஒட்டியது.

ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்று நினைத்தான். கையைத் தேய்த்துவிட ஒரு நிமிடம். கயிற்றைக் கொம்பில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே ஒரு முடிச்சுப் போட்டான். கையை அக்குளில் வைத்து அழுத்தினான். பிறகு வெளியே எடுத்து விரல் விரலாக நீவினான். அவள் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டான். அதனால் கயிற்றையும் பார்க்கவில்லை.

முதலில் ஒரு முனகல் கேட்டது. திரும்பியபோது கயிறு இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. படகின் இடது பக்கம் சுவரில் தொங்க, வலது பக்கம் மட்டும் தண்ணீரோடு கீழே போனது. சமையலறையில் தட்டுகள் சரிந்து உடைந்தன.

அவன் முடிச்சைப் பிடித்தான். இடது கையால் அது நகரவில்லை. வலது கையை அதன்மேல் வைத்தான். வைத்தது வைத்தபடி இருந்தது.

யான்டீன் வயர்லெஸை எடுத்து, தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். மூடுகிறேன், ஆனால் உடனே நிற்காது என்று பதில் வந்தது. அவள் உள்ளே போனாள். ரொட்டி அறுக்கும் கத்தியோடு வந்தாள். தளம் கூரைபோலச் சரிந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"தள்ளு."

"நானே அறுக்கறேன்."

"ரூலோஃப், தள்ளு. மூஞ்சியைத் திருப்பிக்கோ."

அவனைத் தோளால் இடித்து ஒதுக்கினாள். கத்தி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது இழுப்பில் ஒரு புரி அறுந்தது. அடுத்த புரி அறுவதற்குள் கயிறு தானே வெடித்தது. அறுந்த முனை அவள் தலைக்கு மேல் சீறிப் போய்ச் சுக்கானறைக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி விரிசல் விட்டது. படகு விழுந்தது, மறுபக்கம் சாய்ந்தது, சுவரில் மோதியது, பிறகு நின்றது. ரூலோஃப் தளத்தில் கிடந்தான்.

தண்ணீரும் நின்றிருந்தது.

அவள் வேறு கயிறு எடுத்து வந்து, அடுத்த முளையில் தானே மாட்டினாள். மாட்டியபின் கொம்பைப் பார்த்தாள். அறுந்த துண்டு இன்னும் அதில் சுற்றியிருந்தது.

"சிக்கிடுச்சு" என்றான் அவன்.

"சிக்கல. கட்டியிருக்க."

கவனக்குறைவு என்று சொன்னான். இரவு சரியாகத் தூங்கவில்லை என்றான். முட்டாள் என்று அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தான். திட்டினால் தப்பித்தோம் என்று நினைத்தான்.

அவள் திட்டவில்லை. கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் இடது கையைக் கொடுத்தான்.

"இது இல்ல."

வலது கையைக் கொடுத்தான். அவள் தன் இரண்டு விரல்களை அவன் உள்ளங்கையில் வைத்து, மூடு என்றாள். அவன் மூடினான். கட்டைவிரல் வந்தது. மற்றவை வருகிற வழியில் நின்றுவிட்டன. அவள் அவற்றைப் பார்த்தபடி இருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் விரல்களை உருவிக்கொண்டாள்.

தொடரலாமா என்று மதகுக்காரர் கேட்டார். தொடரலாம் என்றாள். மீதி இறக்கம் முழுவதும் கயிற்றை அவளே விட்டுக்கொடுத்தாள், அவளே மாற்றி மாட்டினாள். ரூலோஃப் பக்கத்தில் நின்றான். செய்வதற்கு அவனுக்கு வேலை இல்லை. மேலே வானம் ஒரு துண்டுத் துணி அளவுக்குச் சுருங்கியது.

முன்கதவு திறந்தது. வெளியே கால்வாய் நேராகப் போனது. இரு கரையிலும் பாப்லர் மரங்கள். கதவைத் தாண்டியதும் கால்வாய் அகன்றிருந்தது. படகைத் திருப்ப அங்கே தாராளமாக இடம் இருந்தது.

யான்டீன் படகை மெதுவாக வெளியே கொண்டுவந்து, அந்த அகலத்தில் எஞ்சினைத் தணித்தாள். படகு முன்னேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. விரிசல் விட்ட கண்ணாடி வழியாக இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

வயர்லெஸ் கரகரத்தது. மதகுக்காரர்தான்.

"மேர்கூட், யாருக்கும் அடி படலையே? அடுத்த தொட்டிக்குச் சொல்லி வைக்கட்டுமா? கீழதானே போறீங்க?"

யான்டீன் ஒலிவாங்கியை எடுத்தாள். பொத்தானை அழுத்தவில்லை. அதை ரூலோஃபின் வலது கைக்கு நேராக நீட்டினாள்.

"இந்தக் கையால அழுத்தி, போறோமா திரும்பறோமானு நீயே சொல்லு."